புதிய சபைக்காகக் குடும்பத்தோடு இடம்பெயர்தல்: கேள்வி பதில்

புதிய சபை ஒன்றைத் தொடங்கும் குழுவோடு சேர்ந்து வேறு ஊரில் குடியேறலாமா என்று யோசிக்கும் குடும்பத்தார் அனுப்பிய கேள்விகளில் ஆறினை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நானும் என் மனைவியும் இரண்டு பிள்ளைகளோடு இப்படி இருமுறை குடிபெயர்ந்தவர்கள். நான் போதகர் அல்லேன். கணக்கு எழுதியும் நாற்காலி அடுக்கியும் உதவியவன்.

கேள்வி: ஐயா, ஆண்டவர் என்னை அழைக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மனைவிக்குத்தான் இன்னும் மனம் வரவில்லை. விசுவாசத்தோடு புறப்பட்டுவிட்டால் பிறகு அவரும் ஏற்றுக்கொள்வார் அல்லவா?

பதில்: புறப்படாதீர்கள். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியைப் பற்றிப் பேசும்போது அவருடைய வேதாகம மொழிபெயர்ப்புகளைச் சொல்கிறோம். அவர் மனைவி டோரதியைச் சொல்வதில்லை. 1793இல் டோரதி இந்தியாவுக்கு வர மறுத்துவிட்டார். மூத்த மகன் ஃபெலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு கேரி கிளம்பினார். பயணம் தடைப்பட்டுத் தாமதமானபோது, அதற்குள் பிள்ளை பெற்றிருந்த டோரதியை மறுபடியும் வற்புறுத்தினார்கள். தன் சகோதரியும் உடன் வந்தால் வருவதாக அவர் இணங்கினார். மறு ஆண்டே அவர்களுடைய சிறுமகன் பீட்டர் வங்காளத்தில் இறந்துபோனான். டோரதியின் மனநிலை குலைந்து, 1807இல் அவர் இறக்கும்வரை சீராகவில்லை. அவருடைய நோய்க்கு அந்தப் பயணம் ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அரைமனதாகக் கிடைத்த சம்மதத்தின் மேல் அத்தனை பெரிய சுமையை ஏற்றினார்கள் என்பதை மறைக்கவும் முடியாது.

"மனம் வரவில்லை" என்பதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? முதல் முறை நான் கேட்டபோது, என் மனைவி பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நான்கு காரணங்களை எழுதி மேசைமேல் வைத்தார். தம் தாயாரின் கண் அறுவை சிகிச்சை முடியவில்லை என்பது முதலாவது; "நீங்கள் தீர்மானித்துவிட்டுப் பிறகு என்னைக் கேட்கிறீர்கள்" என்பது நான்காவது. அவற்றில் மூன்று முற்றிலும் நியாயமானவை. ஓராண்டு காத்திருந்து போனோம். அதனால் அந்தச் சபைக்கு எந்த நஷ்டமும் வரவில்லை.

கேள்வி: எனக்குப் பிரசங்கிக்கவும் தெரியாது, பாடவும் வராது. எங்களைப் போன்ற குடும்பம் போவதால் என்ன பயன்?

பதில்: புதிய ஏற்பாட்டில் வரும் ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாவும் கூடாரம் பண்ணுகிற தொழிலாளிகள். கிலவுதியுராயன் யூதர்களை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றியபோது கொரிந்துக்கு வந்தார்கள். அப்போஸ்தலனாகிய பவுல் அவர்களோடு தங்கி, அதே தொழிலைச் செய்தார். பிறகு எபேசுவுக்கு அவரோடு சென்றார்கள். அவர் பயணத்தைத் தொடர்ந்தபோது அவர்கள் அங்கேயே இருந்தார்கள். அப்பொல்லோ என்ற பிரசங்கியாரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை இன்னும் தெளிவாக விளக்கியதும் அந்தத் தம்பதியர்தான் (அப்போஸ்தலர் 18). அவர்கள் வீட்டில் கூடிய சபையைப் பவுல் இரண்டு நிருபங்களில் குறிப்பிடுகிறார். புதிய ஏற்பாட்டில் இவ்விருவரில் ஒருவர் பெயர் மற்றவர் பெயர் இல்லாமல் வருவதே இல்லை என்பதையும், முந்தைய கேள்வியைக் கேட்டவருக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இருபது பேர் கூடும் சபையில் பிரசங்கிக்க ஒருவர் போதும். கதவைத் திறப்பவர், சிறுபிள்ளைகளைக் கவனிப்பவர், முதன்முறை வந்தவரின் பெயரை அடுத்த வாரமும் நினைவில் வைத்திருப்பவர், ஒரே குடும்பத்தைச் சேராதவராய்க் காணிக்கையை எண்ணும் இருவர் என மற்ற அத்தனை பேரும் தேவை.

கேள்வி: பதினான்கு வயது மகள் வரவே மாட்டேன் என்கிறாள். கீழ்ப்படியச் சொல்வதா, விட்டுக்கொடுப்பதா?

பதில்: முதலில் அவளுடைய இழப்பு உண்மையானது என்று ஒப்புக்கொள்ளுங்கள். உங்களுக்கு இது அழைப்பு. அவளுக்கோ சிநேகிதிகளைப் பறிக்கும் ஏற்பாடு. பொதுத்தேர்வு ஆண்டாக இருந்தால், முடிந்தமட்டும் அது கழியும்வரை தள்ளிப்போடுங்கள். இரண்டாவது முறை நாங்கள் மாறியபோது என் மகள் ஓர் அட்டைப்பெட்டியை ஏழு மாதம் பிரிக்காமலே கட்டிலடியில் வைத்திருந்தாள். நாங்கள் அதைத் தொடவில்லை. அவளை ஞாயிறு பள்ளி ஆசிரியை ஆக்கவும் இல்லை. ஊழியக் குடும்பத்துப் பிள்ளைகளைக் கூலியில்லாத வேலையாட்களாக்குவது நம்மிடையே பரவலான தவறு. ஒரு சனிக்கிழமை அவளே பெட்டியைப் பிரித்துப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கினாள்.

கேள்வி: வேலையை விட்டுவிட்டு முழுமையாக நம்பி இறங்கலாம் என்று நினைக்கிறேன். தங்கள் கருத்து?

பதில்: கடன் இருந்தால் வேண்டாம். முதலில் அங்கே ஒரு வேலையைத் தேடுங்கள், அல்லது இருக்கும் வேலையில் இடமாற்றம் கேளுங்கள். அனுப்பும் சபை உதவி செய்வதாகச் சொன்னால், எவ்வளவு, எத்தனை மாதம், நடுவில் நிறுத்தினால் எத்தனை நாள் முன்னதாகத் தெரிவிப்பார்கள் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14இல் இயேசுவே சொல்லியிருக்கும்போது, கணக்குப் பார்ப்பதை அவிசுவாசம் என்று சொல்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

கேள்வி: அங்கே ஏற்கெனவே உள்ள சபைகளிலிருந்து சில குடும்பங்களை அழைத்தால் தொடக்கம் எளிதாகுமே?

பதில்: எளிதாகும், ஆனால் அது புதிய சபை அல்ல, பழைய சபையின் பங்கீடு. மற்றவனுடைய அஸ்திபாரத்தின்மேல் கட்டாதபடிக்கு நாடியதாகப் பவுல் ரோமர் 15இல் எழுதுகிறார். போன முதல் மாதத்திலேயே அங்குள்ள போதகர்களைச் சந்தித்து, நீங்கள் வந்த நோக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் இப்போதைய போதகருக்கும் வீட்டைக் காலிசெய்யும் வாரத்தில் அல்ல, யோசனை எழும்போதே தெரிவியுங்கள். அந்தியோகியா சபையார் உபவாசித்து ஜெபித்து, கைகளை வைத்துத்தான் பர்னபாவையும் சவுலையும் (இதே பவுலைத்தான்) அனுப்பினார்கள்.

கேள்வி: சபை வளராவிட்டால் எத்தனை காலம் பொறுத்திருப்பது?

பதில்: புறப்படும் முன்பே குழுவாகப் பேசி ஒரு காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மூன்று ஆண்டுகள் என்பது எங்கள் குழு வைத்த கெடு. முதல் முறை அந்தக் கெடு முடிந்தபோது ஒன்பது பேர்தான் இருந்தோம். அவர்களைப் பக்கத்துச் சபையிடம் ஒப்படைத்து, வாடகை அரங்கின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினோம். அந்த ஒன்பது பேரில் இருவர் இன்றைக்கு அந்தப் பக்கத்துச் சபையில் மூப்பர்கள்.