பாதாளத்தில் ஓர்ஃபியஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இசையமைப்பாளர் ஆஃபன்பாக்கின் 'பாதாளத்தில் ஓர்ஃபியஸ்' ஓப்பராவை இரண்டு பதிவுகளில் பார்த்தேன். ஒன்றில் கச்சேரிகளில் வாசிக்கும் அந்த நீண்ட தொடக்க இசையே இல்லை. மற்றொன்று வெகுநேரம் ஓடுகிறது, ஏகப்பட்ட நடனங்கள். எது அசல்? அன்று பாரிஸில் ஏன் அவ்வளவு கண்டனம்?

கவிதா

அன்புள்ள கவிதா,

இரண்டும் ஆஃபன்பாக் எழுதியவைதான். 1858 அக்டோபர் 21 அன்று பூஃப்-பாரிசியன் என்ற சின்ன அரங்கில் ஏறியது இரண்டு அங்கம், நான்கு காட்சி. 1874இல் கெய்த்தே என்ற பெரிய அரங்கை அவரே நடத்திவந்தார். அதை நிரப்ப நான்கு அங்கம், பன்னிரண்டு காட்சி, பாலே என்று ஊதிவிட்டார். கண்ணுக்கு விருந்து, சிரிப்புக்குத் தொய்வு. என் ஓட்டு 1858க்கு. இன்று பல அரங்குகள் 1858ஐ அடிப்படையாக வைத்து, பிந்தைய பாட்டுகள் சிலவற்றைச் செருகுகின்றன. இசை நடத்துநர் மின்கோவ்ஸ்கியின் லியோன் பதிவு அப்படித்தான். தேவர்களின் தூதன் மெர்க்குரி தன்னை அறிமுகப்படுத்தித் துள்ளிப் பாடினால் அது 1874இன் சரக்கு.

நீங்கள் தேடும் தொடக்க இசை ஆஃபன்பாக்குடையதே அல்ல. 1860 வியன்னா அரங்கேற்றத்துக்காக கார்ல் பிண்டர் இதன் மெட்டுகளைக் கோத்துச் செய்தது. 1858இல் இருப்பது சின்ன முகப்பு மட்டும்.

கண்டனத்தைக் கிளப்பியவர் விமர்சகர் ழூல் ழானின். செத்த மனைவி யூரிடிசியை மீட்க ஓர்ஃபியஸ் பாதாளம் போகும் புனிதமான கிரேக்கத் தொன்மத்தை அசிங்கப்படுத்திவிட்டார்களாம். பாதாளத்தின் தேவன் ப்ளூட்டோ பேசும் அலங்கார வசனமே ழானின் கட்டுரையிலிருந்து உருவியது என்று பதில் வந்தது. கூட்டம் அலைமோதியது, முதல் ஓட்டமே 228 காட்சிகள்.

ஆனால் கூர்மையான கிண்டல் இசைக்குள் இருக்கிறது. இங்கே ஓர்ஃபியஸ் மனைவி தொலைந்ததில் நிம்மதியடைந்த வயலின் வாத்தியார். 'பொதுஜன அபிப்பிராயம்' என்ற பாத்திரம் பிடரியைப் பிடித்துத் தள்ள, தேவர்களின் அரசன் ஜூபிடர் முன் நின்று, இதே கதையை முன்பே ஓப்பராவாக்கிய க்ளுக்கின் சோகப் பாட்டை, 'என் யூரிடிசியை இழந்தேன்' மெட்டை, எடுக்கிறான். தேவர்கள் அடுத்த அடியைப் பிடித்துக்கொள்கிறார்கள். பாடகர் அழுது நடித்தால் கெட்டது. மெட்டைச் சுத்தமாகப் பாடினால்தான் சிரிப்பு வரும். க்ளுக்கின் 1774 பாட்டை முதலில் கேட்டுவிடுங்கள்.

ஈ வேடத்தில் சாவித்துவாரம் வழியே ஜூபிடர் நுழையும் டூயட்டும் அப்படியே. அவருடைய 'ஜீ... ஜீ' தாளத்தில் விழ வேண்டும். யூரிடிசி அதையே திருப்பிப் பாடுகிறாளே! வெறும் ரீங்காரமாக விட்டால் பாட்டு கலைந்துவிடும்.

கடைசியில் வரும் கான்கானை, அந்த வேகமான கால்வீச்சு நடனத்தை, தனியாக ஓட்டிப் பார்க்காதீர்கள். அதற்குமுன் ஜூபிடர் ஆடும் சாவகாசமான மினுவெட்டைக் கேட்டால்தான் அந்தப் பாய்ச்சல் தைக்கும்.