மெமரி ஃபோமா, லேடெக்ஸா? எந்த ஹைபிரிட் மெத்தை வாங்கலாம்?

நீங்கள் பார்த்து வைத்த இரண்டும் ஹைபிரிட், அதாவது அடியில் பாக்கெட் ஸ்பிரிங் (தனித்தனித் துணிப் பைக்குள் வைத்த சுருள்கள்), மேலே நுரை அடுக்கு உள்ள மெத்தைகள். ஒன்றின் மேலடுக்கு மெமரி ஃபோம், மற்றதில் லேடெக்ஸ். நீங்கள் ஒருக்களித்துப் படுப்பவர், கணவர் மல்லாந்து படுப்பவர், வீடு செங்கோட்டையில். நானும் பக்கத்தில் புளியரைதான். லேடெக்ஸையே எடுங்கள்.

ஒருக்களித்தால் பாரம் முழுக்கத் தோளிலும் இடுப்பெலும்பிலும் இறங்கும். அந்த இரண்டு இடத்திலும் மெத்தை உள்வாங்காவிட்டால் காலையில் கை மரத்துப்போகும். மெமரி ஃபோம் நன்றாகவே உள்வாங்கும். ஆனால் உடம்புச் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்வதால் வெக்கை, புரண்டு படுப்பதும் சிரமம். ஜூன், ஜூலை சாரலில் இது தெரியாது, சித்திரையில் தெரியும். லேடெக்ஸ் வேறொன்றுமில்லை, மலைக்கு அந்தப் பக்கம் புனலூர்த் தோட்டங்களில் சிரட்டை கட்டி எடுக்கிறார்களே, அந்த ரப்பர் பால்தான். அதை நுரைக்க வைத்து வார்க்கிறார்கள். காற்றோட்டம் உண்டு, அமுக்கினால் உடனே எழும்பும். செயற்கை ரப்பர் கலந்ததும் விற்கிறது, கேட்டு வாங்குங்கள்.

கடையில் கணவரை மல்லாந்து படுக்கச் சொல்லி, இடுப்புக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் போனால் மெத்தை ரொம்பக் கெட்டி. போகவே இல்லையென்றால் இடுப்பு அமிழ்கிறது. லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. நீங்களும் பத்து நிமிடம் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள், கூச்சமே வேண்டாம்.

அப்புறம், கட்டில் முழுப்பலகை என்றால் சாரல் மாதங்களில் மெத்தையை அவ்வப்போது சுவரில் சாய்த்து வையுங்கள். அடியில் பூஞ்சை பிடிக்கும்.