இறால் நிற்காத தொட்டி: பவளத்தின் மேல் பழி வேண்டாம்

அவிநாசியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்:

“வணக்கமுங்க. மூன்றடித் தொட்டியில் கடல் அக்வேரியம் வைத்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு ஜோடி க்ளவுன் மீன், இரண்டு நத்தை, மஷ்ரூம் பவளம், சோவாந்திட் (பொத்தான் பவளம்), ஒரு லெதர் பவளம் இருக்கின்றன. எல்லாம் நன்றாக இருக்கின்றன, மீனின் உடம்பைச் சுத்தம் செய்யும் கிளீனர் இறால் மட்டும் நிற்பதில்லை. மார்ச்சிலிருந்து மூன்று தடவை வாங்கி விட்டேன், எல்லாமே சனிக்கிழமை சாயங்காலம் கோவையிலிருந்து கொண்டுவந்தவை. முதல் இரண்டும் இரண்டு நாளில் போய்விட்டன. மூன்றாவது, மூன்று வாரம் இருந்தது. மூன்று நாள் முன்பு காலையில் பார்த்தால் கண்ணாடி மாதிரி வெறும் ஓடாகக் கிடந்தது, எடுத்துப் போட்டுவிட்டேன். இருந்த வரைக்கும் பவளத்துக்குப் போடும் தீனியைப் பிடுங்கித் தின்றது. பவளம் இறாலுக்கு விஷமா? தண்ணீர் வீட்டு ஆர்.ஓ.தான். ஆவியாகிக் குறைவதை ஞாயிற்றுக்கிழமை நிரப்பிவிடுவேன். இன்னொன்று, நண்பர் ஒருவர் ராமேஸ்வரம் பக்கமிருந்து உயிருள்ள பவளக்கல் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?”

முதலில் ஒரு நல்ல செய்தி. உங்கள் மூன்றாவது இறால் செத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் எடுத்துப் போட்டது அதன் சட்டையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பாம்பு சட்டை உரிப்பது போல இறாலும் சில வாரங்களுக்கு ஒருமுறை ஓட்டை உரித்துப் போடும். உரித்த ஓட்டில் மீசை, கால், கண்ணின் மேல்மூடி வரை எல்லாமே அச்சு அசலாக இருக்கும். அதனால்தான் பலரும் இறால் செத்துவிட்டதென்று நினைத்து விடுகிறார்கள். அடுத்த முறை விரலில் எடுத்துப் பாருங்கள். தலைக்கவசமும் வால் பகுதியும் சேருகிற முதுகுப் பக்கம் பிளந்திருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, எடையே தெரியாது. செத்த இறால் அப்படி இருக்காது. சமைத்த இறால் நிறத்துக்கு வந்து, பால் கலந்தது மாதிரி மங்கிப் போய், நாறும். நத்தையும் புழுவும் அதைச் சுற்றி மொய்த்திருக்கும்.

ஓடு உரித்த இறாலின் உடம்பு மெத்தென்று இருக்கும். புது ஓடு இறுகும் வரை, ஓரிரண்டு நாள் கல்லுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும், சில சமயம் இன்னும் ஒரு நாள் கூடும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு கல்லிடுக்குகளைப் பாருங்கள். கண்ணில் பட்டால் அதைத் தொந்தரவு செய்யாதீர்கள். இனி ஓடு கிடந்தால் அப்படியே விட்டுவிடலாம், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

சரி, முதல் இரண்டும் ஏன் போயின? பவளத்தால் இல்லை. கடலில் இறாலும் பவளமும் ஒரே பவளத் திட்டில்தான் வாழ்கின்றன. மஷ்ரூமும் லெதரும் கிளீனர் இறாலைக் கொல்வதில்லை. உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது: சனிக்கிழமை இறால் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் நிரப்பப்படுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றடித் தொட்டியில் கல்லும் மணலும் போக 150 லிட்டர் தண்ணீர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கம் மார்ச்சிலிருந்து மே வரை காற்று காய்ந்து கிடக்கும். சின்ன விசிறி ஓடினால் நாளுக்கு 3 லிட்டர் ஆவியாவது சாதாரணம். ஆவியாவது வெறும் தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும். ஞாயிறன்று 35 பிபிடி, அதாவது லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்ற அளவில் தொடங்கினால், ஒரு வாரத்தில் 20 லிட்டர் குறைந்து 130 லிட்டருக்கு வரும்போது அளவு 40ஐத் தாண்டிவிடும். மீன் தன் உடம்பின் உப்பைத் தானே சரிசெய்துகொள்ளும். நத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். பவளம் அந்த ஏற்றத்துக்கு மெல்ல மெல்ல ஆட்பட்டு வந்ததால் தாங்கிக்கொள்கிறது. இருந்தாலும் ஞாயிறு சாயங்காலம் உங்கள் லெதரைக் கவனித்துப் பாருங்கள், அநேகமாகச் சுருங்கி நிற்கும்.

இறாலுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. பல கடைகளில் உப்பை மிச்சப்படுத்தவும், மீனின் ஒட்டுண்ணிகளைக் கட்டுப்படுத்தவும் தொட்டியை 28, 30 பிபிடியில்தான் வைத்திருப்பார்கள். அங்கிருந்த இறால் சனிக்கிழமை உங்கள் 40க்குள் இறங்குகிறது. மறுநாள் ஒரே மூச்சில் 20 லிட்டர் ஊற்றியதும் மறுபடி 35. ஒரே நாளில் இரண்டு அடி. இதைத் தாங்குகிற இறால் அபூர்வம். உங்கள் மூன்றாவது இறால் பிழைத்தது, அந்த வாரம் ஆவியானது குறைவாக இருந்ததாலோ, கடைத் தண்ணீரில் உப்பு கூடுதலாக இருந்ததாலோ இருக்கலாம்.

ஆகவே இறாலை மாற்றாதீர்கள், தண்ணீர் நிரப்பும் பழக்கத்தை மாற்றுங்கள். குறைகிற தண்ணீரை அன்றன்றைக்கு, உப்புக் கலக்காத சுத்த நீராக ஊற்ற வேண்டும். கண்ணாடியின் வெளிப்பக்கம் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் எவ்வளவு குறைந்தது என்று பார்த்ததும் தெரியும். தானியங்கி நிரப்பி வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் ஒன்று போதும். ஊசி வேண்டாம். தொட்டிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கேனை வைத்து, அதிலிருந்து சொட்டவிடுங்கள். சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு 35 சொட்டு விட்டால் நாளுக்கு ஏறக்குறைய இரண்டரை லிட்டர் இறங்கும். கேனில் ஒரு நாளுக்கு வேண்டியதை மட்டும் நிரப்புங்கள். திருகு தளர்ந்துவிட்டாலும் தொட்டி வழியாது, உப்பும் ஒரேயடியாக இறங்காது.

உப்பை அளக்க, முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்ப வேண்டாம். முள்ளில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும். ஒளி வளைவதை வைத்து உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதையும் 35 பிபிடி சோதனைக் கரைசலை வைத்துச் சரிபாருங்கள்.

அதே டிரிப் செட் புது இறாலைப் பழக்கவும் உதவும். வந்ததும் பை நீரின் உப்பையும் உங்கள் தொட்டியின் உப்பையும் அளங்கள். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமன் செய்த பிறகு, இறாலைப் பை நீரோடு ஒரு சின்ன வாளிக்கு மாற்றுங்கள். தொட்டித் தண்ணீரை நொடிக்கு இரண்டு, மூன்று சொட்டு என்று விடுங்கள். பை நீர் அரை லிட்டர் என்றால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பாதியை வெளியே கொட்டிவிட்டு மறுபடி ஒரு மணி நேரம் சொட்டவிடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இன்னும் ஒரு சுற்று. கடைசியில் இறாலை ஒரு டப்பாவில் ஏந்தித் தொட்டியில் விடுங்கள், வாளித் தண்ணீர் உள்ளே போக வேண்டாம்.

கோவையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வருகிற பைக்குத்தான் இந்த முறை. சென்னை கொளத்தூரிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சலாக வரவழைத்தால் கதை வேறு. பத்து மணி நேரம் மூடிக்கிடந்த பைக்குள் இறாலின் கழிவிலிருந்து அம்மோனியா சேர்ந்திருக்கும். கரியமில வாயுவும் சேர்ந்து தண்ணீரின் பி.எச். இறங்கியிருப்பதால், அதுவரை அந்த அம்மோனியா அவ்வளவு கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியா விஷமாகும். அந்த நீரிலேயே இரண்டு மணி நேரம் சொட்டவிட்டுக் காத்திருந்தால் இறால் அங்கேயே போய்விடும். ஆகவே கடை நீரின் உப்பு அளவை முன்பே போனில் கேட்டு, அதே அளவில் ஒரு வாளித் தண்ணீர் கலக்கி வையுங்கள். பை வந்ததும் இறாலை நேராக அந்த வாளிக்கு மாற்றி, ஏர் ஸ்டோன் போட்டு, அங்கிருந்து மெல்ல ஏற்றுங்கள்.

இனி ஆர்.ஓ. தண்ணீர். நம் ஊர் வீடுகளில் நல்ல தண்ணிக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணிக்கு ஒரு குழாய் என்று இருப்பது பெரிய பாக்கியம். ஆனால் பவளம் வைத்த தொட்டிக்கு இரண்டையுமே நேரடியாக ஊற்றக் கூடாது. சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் குழாயில் குளோரின் கலந்துதான் வருகிறது. குடிநீர் ஆர்.ஓ.க்களில் சுவைக்காக டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் வைத்து, வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலப்பார்கள். அதைவிடக் கவலை, ‘காப்பர்’ என்று போட்டு வரும் இயந்திரங்கள். மனிதருக்கு நல்லது என்று சேர்க்கிற அந்தச் செம்பு, இறால் போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு மிகச் சிறிய அளவிலேயே விஷம். உங்கள் நத்தைகள் நலமாக இருப்பதால் இப்போதைக்குச் செம்பை நான் முதல் குற்றவாளியாகச் சொல்லவில்லை. ஆனாலும் இயந்திரத்தைப் பாருங்கள். அப்படிப்பட்டதாக இருந்தால் அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு முன்னாலேயே, மெம்பிரேனிலிருந்து வரும் குழாயில் ஒரு கிளை எடுத்து, மிச்சமிருக்கும் உப்பையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குடுவை வைத்து, டி.டி.எஸ். பூஜ்யம் காட்டும் தண்ணீரைத் தொட்டிக்குப் பிடியுங்கள். உப்புக் கலக்க பிளாஸ்டிக் டிரம் மட்டும்தான், செம்புப் பாத்திரமோ பித்தளை அண்டாவோ வேண்டவே வேண்டாம். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கடையில் கொடுக்கும் செம்பு மருந்தையும் இந்தத் தொட்டியில் ஊற்றக் கூடாது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

கொசு மருந்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சுருள், லிக்விட், ஸ்பிரே எல்லாவற்றிலும் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை. பூச்சியைக் கொல்வது இறாலையும் கொல்லும், இரண்டும் கணுக்காலிகள். காற்றுப் பம்பு அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது என்பதை மறக்காதீர்கள். தொட்டி இருக்கும் அறையில் வலையைக் கட்டிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் மருந்தடித்த கையைக் கழுவினாலும் அன்றைக்குத் தொட்டிக்குள் விட வேண்டாம்.

வெயிலுக்கு, தண்ணீரின் மேல் விசிறி அடித்தாலே இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். காய்ந்த காற்று நமக்கு இந்த ஒரு விஷயத்தில் உதவி செய்கிறது. 25 முதல் 27 டிகிரி இலக்கு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். அதற்கு ஒரு பேட்டரி ஏர் பம்பு வாங்கி வையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும், இறாலுக்கு மூச்சு முட்டிவிடும்.

தீனி பிடுங்கும் சண்டைக்கு எளிய தீர்வு உண்டு: உங்களிடம் உள்ள பவளங்களுக்குத் தனியாக ஊட்டவே வேண்டாம். அவற்றின் உடம்புக்குள் வாழும் நுண்பாசிகள் வெளிச்சத்திலிருந்து உணவு செய்து கொடுக்கின்றன. மீன் தீனியின் மிச்சமும் அவற்றுக்குப் போதும். வாயில் வைத்து ஊட்டினால் இறால் அதைப் பிடுங்க வந்து பவளத்தின் சதையைக் கிழித்துவிடும். ஊட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் தொட்டியின் மறுகோடியில் இறாலுக்கு ஒரு துண்டு கொடுங்கள். பிறகு அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைப் பவளத்தின் மேல் கவிழ்த்து, அதன் வாய் வழியாகப் பிப்பெட்டால் தீனி விடுங்கள். ஓடு உரிக்க உதவும் என்று அயோடின் விற்பார்கள், வாங்காதீர்கள். நல்ல கடல் உப்பில் வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதும்.

சோவாந்திட் வைத்திருப்பதால் ஒரு எச்சரிக்கை. இவற்றில் சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வெட்டும்போதும் நகர்த்தும்போதும் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். அது ஒட்டிய கல்லைச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்க்கவோ வேகவைக்கவோ கூடாது, அந்த ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

ராமேஸ்வரத்துக் கல் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986லேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. திட்டு கட்டும் கல் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கருப்புப் பவளமும் கடல் விசிறியும் அப்படியே. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. எடுப்பது, விற்பது, கையில் வைத்திருப்பது எல்லாமே குற்றம், சிறைத் தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை. சட்டத்தை விடுங்கள், வெப்பத்தால் வெளுத்துப் போய்த் தத்தளிக்கிற அந்தத் திட்டிலிருந்து ஒரு துண்டைக்கூட நாம் பெயர்த்து எடுக்கக் கூடாது. உலர்ந்த செராமிக் கல்லும் பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் அதே வேலையைச் செய்யும், கொஞ்சம் நாள் கூடுதலாகும். நண்பரிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்த இறாலுக்கு அவசரம் வேண்டாம். உப்பு 34லிருந்து 35க்குள் இரண்டு வாரம் அசையாமல் நிற்கட்டும். வாங்கும்போது வகையைச் சரியாகப் பாருங்கள். பெப்பர்மின்ட் என்ற இன்னொரு வகை இறால் என்று சொல்லிச் சிலர் கேமல் இறாலைத் தந்துவிடுவார்கள், அது உங்கள் மஷ்ரூமையும் சோவாந்திட்டையும் கொறிக்கும். பெப்பர்மின்ட்டின் உடம்பு கண்ணாடி போலிருக்கும், மெல்லிய சிவப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். கேமலுக்கு முதுகில் கூனல், பெரிய கண், சிவப்பின் மேல் வெள்ளைக் கோடும் புள்ளியும். கைகளில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட பெரிய பாக்ஸர் இறால் அழகுதான், ஆனால் கிளீனர் இறாலை அடித்துவிடும். பழைய இறால் உயிரோடு இருந்தால் இன்னொரு கிளீனரைத் துணைக்கு விடலாம். கிளீனர் இறால்களில் வளர்ந்த ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எந்த இரண்டும் ஜோடிதான், நலமாக இருந்தால் வயிற்றின் கீழ் பச்சை முட்டைகளைச் சுமக்கும். கடைக்காரரிடம் உங்கள் கண் முன்னாலேயே ஒரு துண்டு தீனி போடச் சொல்லுங்கள். ஓடி வந்து பற்றுகிற, வெள்ளை மீசை எதுவும் ஒடியாத இறாலாகப் பார்த்து எடுங்கள். ஞாயிறு காலையில் போய் வாங்கினால், பழக்குவதற்கு அன்றைய பகல் முழுவதும் கையில் இருக்கும்.