ஆட்டுக்குட்டியை ஏன் ஒதுக்கினீர்கள்?

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு எழுத ஆர்வம் வரட்டுமென்று ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையதளத்தில் படம் காட்டிக் கதை எழுத வைக்கிறேன். நன்றாக இருப்பதை நானே டைப் செய்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். ஆரம்பத்தில் இருந்த உற்சாகம் இப்போது இல்லை. எல்லோரும் ‘ஒரு காட்டில் ஒரு யானை இருந்தது’ என்றே எழுதுகிறார்கள். ஒரு பையன் மட்டும் படத்தை விட்டுவிட்டு, வீட்டில் செத்துப்போன ஆட்டுக்குட்டியைப் பற்றி ‘ராத்திரி கத்துச்சி. காலைல கத்தல’ என்று பிழையும் பேச்சுமொழியுமாக எழுதியிருந்தான். அதைப் போடவில்லை. வேறு நல்ல ஆப் இருந்தால் சொல்லுங்கள்.
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வேறு ஆப் வேண்டாம், டீச்சர். போகிற போக்கில் ஓர் ஆட்டுக்குட்டியைச் சொல்லிவிட்டுப் போனீர்களே, அதைப் பேசுவோம்.

உங்கள் வகுப்பில் உண்மையாக எழுதியவன் அவன் ஒருவன்தான். அந்தப் பிள்ளை ராத்திரி தூங்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்திருக்கிறான். அது அந்த இரண்டு வரியிலேயே தெரிகிறது. நீங்கள் அதை ஒதுக்கிவிட்டு யானையை டைப் செய்து போட்டீர்கள். மற்ற பிள்ளைகள் இதைக் கவனிக்காமலா இருப்பார்கள்? வீட்டில் நடந்ததை எழுதினால் டீச்சர் போடமாட்டார், யானையை எழுதினால் போடுவார். இது புரிந்த பிறகு யானையைத்தான் எழுதுவார்கள். உற்சாகம் போனதற்கு ஆப்பைக் குறை சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் அம்மாவும் அந்தக் குழுவில்தானே இருப்பார்? குட்டி செத்தது அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கவலையில் மகன் மனசில் என்ன ஓடியது என்று அவர் கேட்டிருக்கவே மாட்டார். பெற்றவளுக்குப் போய்ச் சேர வேண்டியதை நடுவில் நின்று மறித்துவிட்டீர்கள். சின்னப் பிள்ளை எழுதுவதை முதலில் வீடு படிக்க வேண்டும், ஊர் அப்புறம். அதை வீடு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது வாத்தியார் கடமை. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் நல்ல தளம்தான். அங்குள்ள படங்களை எடுத்து நம் சொந்த வரிகளைத் தமிழிலேயே சேர்க்கலாம். ஆனால் யானைப் படத்தை முதலில் காட்டினால் யானைதான் வரும். எனவே முதலில் நோட்டில் எழுதட்டும். பிறகு அதற்கு ஏற்ற படத்தைத் தேடட்டும், கிடைக்காவிட்டால் தாளில் வரையட்டும். டைப் செய்வதும் அவர்களே. அதிலும் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கும் பழக்கம் இந்த வயதில் வேண்டவே வேண்டாம். தமிழக அரசு 1999இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையைக் கொடுங்கள். ‘க’வைத் தட்டி ‘இ’யைத் தட்டினால் ‘கி’ வரும். கரும்பலகையில் நீங்கள் சொல்லிக்கொடுத்த உயிர்மெய்யை விரலால் செய்து பார்ப்பார்கள். பிள்ளைகள் பெயரில் கணக்கு மட்டும் தொடங்காதீர்கள், உங்கள் கணக்கே போதும்.

பிழையைத் திருத்தத்தான் வேண்டும். பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். லகரமும் ளகரமும் எங்கே இடறுகிறது என்று பாதியை அவனே பிடிப்பான், மீதியை நீங்கள் காட்டுங்கள். ஆனால் ‘கத்துச்சி’யைக் ‘கத்தியது’ என்று மாற்றினீர்களானால் எனக்குக் கோபம் வரும். பரீட்சைத் தாளில் எப்படி எழுதுவது என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு வருஷம் முழுக்க இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: அவனைக் கூப்பிட்டு, அன்றைக்கு அதைப் போடாதது தவறு என்று சொல்லுங்கள். வாத்தியார் பிள்ளையிடம் அப்படிச் சொல்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. குழுவில் போடலாமா என்று அவனையே கேளுங்கள். வேண்டாமென்றால் அவன் அம்மாவுக்கு மட்டும் அனுப்புங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாதென்றால், அவனை வாசிக்கச் சொல்லி வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள். அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.