377 போயாச்சு, இன்னும் எதுக்கு பழைய கதை?

கேள்வி: எனக்கு 24 வயசு, நான் கே, அதாவது ஆம்பளைங்களை விரும்புற ஆம்பளை. நம்ம உறவைக் குற்றம்னு வச்சிருந்த 377-வது சட்டப்பிரிவு, சம்மதத்தோட இருக்குற வயசு வந்தவங்களுக்குப் பொருந்தாதுன்னு 2018-லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தாச்சு, ஆனா எங்க குரூப்புல மீட்டிங் போட்டா அந்தக் காலத்து கேஸ், அந்தக் காலத்து ஊர்வலம்னே பேசிட்டு இருக்காங்க. வாடகைக்கு வீடு கிடைக்கல, வீட்டுல பொண்ணு பாக்குறாங்க, எனக்கு இருக்குற பிரச்சனையில பழைய கதை தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: தம்பி, உங்க பிரச்சனை எல்லாம் நிஜம்தான், அதை நான் சின்னதா நினைக்கல. ஆனா 2013 டிசம்பர் 11 அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் கேளுங்க. வயசு வந்தவங்க சம்மதத்தோட தனிமையில இருந்தா குற்றமில்லைன்னு டெல்லி ஹைகோர்ட் 2009-ல சொன்ன தீர்ப்பை அன்னைக்கு சுப்ரீம் கோர்ட் தூக்கிப் போட்டுடுச்சு. அதுக்கு அவங்க சொன்னதுல ஒண்ணு, நம்ம ஆளுங்க ரொம்பக் கொஞ்சம் பேரு, 150 வருஷத்துக்கு மேல ஆகியும் இந்த செக்ஷன்ல வழக்கு நடந்தது 200 பேருக்கும் கம்மிதான்னு. ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போய் அடிச்சது, வாட்ச் பர்ஸைப் புடுங்கிக்கிட்டது, வீட்டுல சொல்லிடுவேன்னு மாசாமாசம் காசு கறந்தது, இதுக்கெல்லாம் யாரு எஃப்ஐஆர் போட்டா? எந்த ஃபைல்லயும் ஏறல, ஏறாததால நடக்கவே இல்லைங்குற மாதிரி ஆயிடுச்சு. இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது எனக்கு.

அடுத்த நாலு மாசத்துல, 2014 ஏப்ரல் 15, திருநங்கைகளை மூன்றாம் பாலினமா அங்கீகரிச்சு இன்னொரு தீர்ப்பு அதே சுப்ரீம் கோர்ட்ல இருந்து வந்துச்சு. அதை எடுத்துப் பாருங்க, வரலாறுக்குன்னே ஒரு பகுதி இருக்கும். நம்ம கூவாகத்து அரவான் கதை அதுல இருக்கு. 1871-ல வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டமும் இருக்கு, அந்தச் சட்டப்படி அரசு சந்தேகப்பட்ட திருநங்கைங்க பேரு, வீடு, சொத்து எல்லாத்தையும் ரிஜிஸ்டர்ல எழுதிப்பாங்க, ரிஜிஸ்டர்ல பேர் ஏறிட்டா உயில் எழுத முடியாது, பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது, பொம்பளை மாதிரி உடுத்திட்டு தெருவுல வந்தா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். இதை யாரோ தேடி எடுத்து கோர்ட் முன்னாடி வச்சதாலதான் அது வாதமா நின்னுச்சு.

இன்னொரு விஷயமும் இருக்கு தம்பி. மத்த பிள்ளைங்களுக்கு அவங்க ஆளுங்க பட்டதை பாட்டி தாத்தா சொல்லிடுவாங்க, நமக்கு சொல்ல வீட்டுல யாரு இருக்கா? அதனாலதான் ஊருக்கு ஊர் எத்தனையோ பிள்ளைங்க உலகத்துலயே நான் ஒருத்தன்தான் இப்படின்னு நினைச்சு பதினஞ்சு வயசுல சாகத் துணியுது. 1992 ஆகஸ்ட்ல, கனாட் பிளேஸ் பார்க்ல கேன்னு சந்தேகப்பட்டு ஆம்பளைங்களை போலீஸ் பிடிச்சுட்டுப் போனாங்கன்னு டெல்லி போலீஸ் தலைமை ஆபீஸ் வாசல்லயே போய் நின்னு கோஷம் போட்டவங்க இருந்தாங்க. 1999 ஜூலை 2 கொல்கத்தாவுல நம்ம உரிமைக்காக ஊர்வலம் போனது பதினஞ்சு பேர்தான். சரியா பத்து வருஷம் கழிச்சு அதே ஜூலை 2-லதான் டெல்லி ஹைகோர்ட் தீர்ப்பு வந்துச்சு. பொண்ணு பாக்க வர்ற நெருக்கடிக்கு இது மருந்து இல்லதான், ஆனா தனியா நிக்கலன்னு தெரிஞ்சா முதுகு கொஞ்சம் நிமிரும்.

கேள்வி: நான் திருநங்கை, 50 வயசு ஆச்சு. இப்ப கே பசங்க, லெஸ்பியன் பொண்ணுங்க எல்லாம் மேடையேறி நம்ம எல்லார் வரலாறும் ஒண்ணுன்னு பேசுறாங்க. ரோட்டுல அடி வாங்கினது நாங்க, அவங்க பேண்ட் சட்டை போட்டு ஆபீஸ் போயிட்டு இருந்தாங்க. எப்படி ஒண்ணாகும்?
- வாசகி, விழுப்புரம்

பதில்: அக்கா, உங்க கோவத்துல தப்பே இல்ல. ஒளிஞ்சுக்க முடிஞ்சவங்களும் ஒளிய முடியாதவங்களும் பட்டது ஒரே அளவு இல்ல, அதை மேடையில மறைச்சுப் பேசினா அது வரலாறே இல்ல. ஆனா அடிச்ச கம்பு ஒண்ணு. 1884-ல அலகாபாத் ஹைகோர்ட்டுக்கு ஒரு கேஸ் வந்துச்சு, கைராத்தின்னு ஒருத்தர். பொம்பளைங்க கட்டுற துணி கட்டிட்டு ஒரு வீட்டுப் பெண்களோட உக்காந்து பாடினாங்கன்னு பிடிச்சு, டாக்டரை விட்டு உடம்பை சோதிச்சு, 377-ல தண்டனை குடுத்துட்டாங்க. எங்க, எப்போ, யாரோடன்னு எதுவுமே இல்லைன்னு ஹைகோர்ட் விடுதலை பண்ணிச்சு. நாம இன்னைக்கு திருநங்கைன்னு சொல்ற மாதிரி வாழ்ந்த ஒருத்தர் மேல போட்ட அதே செக்ஷன்தான் பின்னாடி கே பசங்க கழுத்துலயும் விழுந்துச்சு.

உங்ககிட்ட திருநங்கைங்க ஒண்ணா சேர்ந்து வாழுற ஜமாத் இருக்கு, குரு இருக்காங்க, குருவுக்கே குருவா பாட்டி ஸ்தானத்துல நானி இருக்காங்க, கூவாகத்துல தாலி கட்டிக்கிறதுல இருந்து மறுநாள் வளையல் உடைச்சு வெள்ளைப் புடவை கட்டுற வரைக்கும் மூத்தவங்க கூட நின்னு சொல்லிக் குடுப்பாங்க. அந்தப் பசங்களுக்கு அப்படி ஒரு ஆள் கிடையாது. அதனால எனக்கு ஒரு ஆசை, மேடையில பேசுற பசங்களை உங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க, உங்க நானி பட்டதை அவங்க வாயாலயே கேக்கட்டும், அவங்க சம்மதிச்சா போன்ல ரெகார்ட் பண்ணட்டும். பேரும் முகமும் வெளிய போகலாமா கூடாதாங்குறதை நானிதான் முடிவு பண்ணணும், ரெகார்டிங் ஒரு காப்பி உங்க ஜமாத்துலயும் இருக்கணும். இதுக்கு ஒத்துக்காதவங்களுக்கு கதை குடுக்காதீங்க அக்கா.