ஏற்காட்டுக் கறுப்புக் கல் பசால்ட் இல்லை

ஏற்காடு மலைப்பாதையில் எடுத்த கறுப்புக் கல்லை நிறத்தை வைத்து பசால்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் வழுக்கும் இடம்தான் அது. தீப்பாறையில் (உருகிய பாறைக் குழம்பு ஆறி உண்டான பாறை) முதலில் பார்க்க வேண்டியது பரலின், அதாவது கனிமத் துணுக்கின், அளவு; நிறம் அப்புறம்.

வெயில் பட்ட தோலை விட்டுவிட்டு, கல்லை உடைத்துப் புது முகத்தை நனையுங்கள் (பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள்). வெறுங்கண்ணுக்கே பரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் குழம்பு ஆழத்தில் மெல்ல ஆறியது. பசால்ட் வெளியே வந்து சட்டென ஆறுவதால் வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் பரலே தெரியாது.

அடுத்து குவார்ட்ஸ் என்ற கனிமத்தைத் தேடுங்கள். திருப்பும்போது தட்டையாக மின்னுவது ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு கனிமம். எண்ணெய் தடவிய மாதிரி, ஒழுங்கில்லாமல் உடைந்திருப்பது குவார்ட்ஸ். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்த அளவில் குவார்ட்ஸ் 20 முதல் 60 சதவீதம் என்றால் கிரானைட் வகையறா. குவார்ட்ஸ் அநேகமாக இல்லாமல் பிளாஜியோகிளேஸும் (ஒரு வகை ஃபெல்ட்ஸ்பார்) பைராக்சீனும் (ஒரு கருங்கனிமம்) மட்டும் என்றால் கேப்ரோ என்ற கறுப்புத் தீப்பாறையின் பக்கம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெரும்பாலும் கிடைப்பது சார்னோகைட். அதில் ஃபெல்ட்ஸ்பாரே கரும்பச்சையாக இருக்கும், கண்ணை ஏமாற்றுவது அதுதான். கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் வகை இருக்கும். ஆழத்து வெப்பத்தில் உருமாறியும் இருப்பதால் 'தீப்பாறை' என்று மட்டும் எழுதி முடிக்காதீர்கள்.

இதேபோல் நிறத்தால் ஏமாற்றும் சேலத்து வெள்ளைக்கல் சுண்ணாம்புக்கல்லும் இல்லை, தீப்பாறையும் இல்லை. ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் நிறைந்த டியூனைட் பாறை சிதைந்து நரம்பு நரம்பாக உண்டான மேக்னசைட் (மக்னீசியம் கார்பனேட்). நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள்: சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும், இது சூடான அமிலத்தில்தான் நன்றாகப் பொங்கும்.