பிரேக் மணக்குது, பேப்பர் திறந்து கிடக்குது: மலையகத்துக் கார்க்காரர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே கதை. காரைக் கொழும்பிலோ குருநாகலிலோ தட்டையான ரோட்டில் நாலு சுற்று ஓட்டிப் பார்த்து வாங்குகிறோம். இங்கே கொண்டுவந்து முதல் வளைவில் இறக்கியதும் தலையில் கை வைக்கிறோம். நானும் அப்படி ஒன்று வாங்கியவன்தான், அதைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: நான் நுவரெலியாவில் ஆசிரியை. ஆறு மாதத்துக்கு முன் குருநாகலில் 2013 டொயோட்டா அக்குவா ஒன்று வாங்கினோம். போன மாதம் குடும்பத்தோடு கண்டிக்கு இறங்கும்போது லபுக்கலை தாண்டியதும் கருகிய மணம். றம்பொடைக்குக் கிட்ட வரும்போது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கணவர் எப்படியோ ஓரங்கட்டினார். அரை மணி நேரத்தில் பிரேக் தானாகவே சரியாகிவிட்டது. கராஜில் மாஸ்டர் சிலிண்டரோடு முழு செட்டையும் மாற்ற வேண்டும், 1,80,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றட்டுமா? விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: டீச்சர், காசை இன்னும் கொடுத்துவிடாதீர்கள். "தானாகவே சரியாகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது. உடைந்த சாமான் அரை மணி நேரம் ஓய்வெடுத்துக் குணமாகாது. சூடாகிக் கெட்டது ஆறியதும் திரும்பி வந்திருக்கிறது.

பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும் சாமான். டொட் 3 என்று போத்தலில் போட்டிருக்கும் ஒயில், புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகைச் சூடு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. நம்மூர் மழைக்கும் பனிக்கும் ஈரம் ஏறுவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இறக்கம் முழுக்க காலை பெடலிலேயே வைத்திருந்தால் பேட் (சக்கரத் தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை) கொதித்து, அந்தச் சூடு ஒயிலுக்கு இறங்கி, உள்ளே குமிழி கட்டும். குமிழியை மிதித்தால் அது அமுங்கும், பிரேக் பிடிக்காது. பஞ்சு என்றீர்களே, அது இந்தக் குமிழிதான்.

அக்குவா பெற்றோலிலும் பெட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார். "ஹைபிரிட் கார் இறக்கத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு தானே இழுத்துப் பிடிக்குமே" என்று பலர் நம்பி இறங்குகிறார்கள். பிடிக்கும், பெட்டரியில் இடம் இருக்கும் வரை. ஒரு சின்னக் கணக்கு: நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கம்பளைக்கு வருவதற்குள் ஏறத்தாழ 1,400 மீற்றர் இறங்கிவிடுகிறோம். ஆட்களோடு 1,400 கிலோ கார் அவ்வளவு இறங்கினால் அடக்க வேண்டிய சக்தி, மின்சார பில் கணக்கில் 5 யூனிட்டுக்கு மேல். காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும், சரி. ஆனால் அக்குவாவின் பெட்டரி முழுக்க நிறைந்தாலும் 1 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவுதான் கொள்ளும். லபுக்கலைக்குள்ளேயே அது நிரம்பிவிட்டிருக்கும். மிச்சம் எல்லாம் பேடின் தலையில்.

அதற்குத்தான் கியர் லீவரில் டி-க்குப் பக்கத்தில் இன்னொரு பி வைத்திருக்கிறார்கள். பார்க்கிங் பி (P) அல்ல, மற்றப் பி (B). (தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, என்ன செய்வது.) அதில் போட்டால் என்ஜின் சத்தமாக உறுமும். "கார் கதறுது" என்று பயந்து திரும்ப டி-க்குப் போட்டுவிடாதீர்கள். அந்த உறுமல்தான் காரை இழுத்துப் பிடிக்கிறது. பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இருக்காமல், ஒருமுறை நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்து ஆறவிடுங்கள். மணம் வந்தாலே நிறுத்துங்கள், பெடல் பஞ்சாகும் வரை காத்திருக்க வேண்டாம். சூடான தட்டில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், வளைந்துவிடும்.

இனி கராஜ் விஷயம். முதலில் பிரேக் ஒயிலை முழுக்க வடித்துப் புதிது போடச் சொல்லுங்கள். ஹைபிரிட்டில் இதை ஸ்கேன் மெஷின் கட்டித்தான் முறையாகச் செய்ய வேண்டும், மிதித்து மிதித்து வடிக்கும் பழைய முறை போதாது. மெஷின் இல்லாத கராஜ் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பேட் கருகிப் பளபளவென்று இருந்தால் அதையும் மாற்றுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுவது நம் பாதைக்குச் செலவல்ல. ஆனால் டேஷ்போர்டில் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கோ சிவப்பு பிரேக் விளக்கோ எரிந்திருந்தால், அல்லது ஓடாமல் நிற்கும்போதும் பிரேக் பம்ப் அடிக்கடி 'ர்ர்' என்று ஓடினால், அது வேறு வியாதி, பெரிய செலவுதான். அப்போதும் ஸ்கேன் அறிக்கையைத் தாளில் வாங்கிக்கொண்டு இன்னொரு கராஜில் காட்டாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். விற்றவர் ஏமாற்றியதாக எனக்குத் தெரியவில்லை. குருநாகலில் இறங்குவதற்கு மலை எங்கே?

கேள்வி: மஸ்கெலியா. அப்பாவின் மாருதி 800ஐ மூன்று வருடத்துக்கு முன் ஒரு புரோக்கருக்கு ஓப்பன் பேப்பரில் விற்றோம். போன வாரம் பொலிஸ் வந்து, அந்தக் கார் ஒரு மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டதாம், அப்பாவை வரச் சொன்னார்கள். அப்பாவுக்கு 71 வயது, பயந்து போயிருக்கிறார்.

பதில்: தம்பி, அப்பாவைத் தனியாக அனுப்ப வேண்டாம். ஒரு சட்டத்தரணியோடு போங்கள். விற்றதற்கு என்னென்ன தாள் இருக்கிறதோ எல்லாவற்றையும் தேடி எடுங்கள்: விற்பனைக் கடிதம், புரோக்கரின் அடையாள அட்டைப் பிரதி, வங்கியில் காசு போட்ட சீட்டு, அந்த நாளைய ஃபோன் மெசேஜ்கூட உதவும். ஒன்றுமே இல்லை என்றால், கார் கைமாறியபோது பக்கத்தில் நின்றவர்கள் யார் என்று யோசியுங்கள்.

ஓப்பன் பேப்பர் என்றால் என்ன என்று கேட்ட மற்றவர்களுக்கு: விற்பவர், உரிமை மாற்றும் படிவத்தில் வாங்குபவர் பெயரும் திகதியும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பது. புரோக்கருக்கு லாபம், அவர் பெயர் எங்கேயும் வராது. ஆனால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் புத்தகத்தில் இன்றைக்கும் சொந்தக்காரர் உங்கள் அப்பாதான். கார் எங்கே இடித்தாலும் முதலில் தட்டப்படும் கதவு உங்கள் லயத்துக் கதவு. இப்போதாவது, காரை இன்ன திகதியில் இன்னாருக்கு விற்றுவிட்டோம் என்று திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

விற்கப்போகிறவர்கள் விற்பனைக் கடிதத்தில் திகதியோடு நேரத்தையும் எழுதுங்கள். காலை பத்து மணிக்கு விற்ற கார் அன்று மாலையே இடிக்கலாம். வாங்கப்போகிறவர்கள், விற்பவர் வெளிநாடு போய்விட்டாலோ இறந்துவிட்டாலோ அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு நாய்படாத பாடு படுவீர்கள். பதிவுப் புத்தகத்தில் லீசிங் கொம்பனி பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், விற்பவர் தனியாகக் கையெழுத்துப் போட்டு ஒன்றும் ஆகாது.

கேள்வி: கம்பளையில் ஒரு வேகன்ஆர் ஹைபிரிட், சந்தை விலையைவிட எட்டு லட்சம் குறைவாகச் சொல்கிறார்கள். டித்வா புயலின்போது "ஒரு அடி தண்ணீரில்தான்" நின்றதாம். எடுக்கலாமா? – பண்டாரவளை

பதில்: ஒரு அடி என்பது ரோட்டிலிருந்தா, கார் தரையிலிருந்தா என்று கேட்டீர்களா? வேகன்ஆரின் ஹைபிரிட் பெட்டரி முன்னால் பயணி உட்காரும் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. உள்ளே ஒரு அடி ஏறியிருந்தால் அது குளித்து எழுந்திருக்கிறது. அக்குவாவிலும் பின்சீட்டுக்கு அடியில்தான்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோதும் இப்படி மலிவுக் கார்கள் மேலே ஏறி வந்ததைப் பார்த்திருக்கிறேன். கழுவி, ஷாம்பு போட்டு, வாசனைத் தட்டு மூன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். மூன்று தொங்கினாலே சந்தேகப்படுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சுருளின் அடியில் சேற்றுக் கோடு தெரியும். அதைக் கழுவ யாருக்கும் பொறுமை இருக்காது. ஸ்பெயார் டயரைத் தூக்கி அடியில் மண் இருக்கிறதா, சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கார்ப்பெட்டைப் புரட்டி அடியில் கையை வைத்துப் பாருங்கள். என்ஜின் ஒயில் குச்சியை இழுங்கள்: ஒயில் பிளேன்டீ நிறமாக இருக்கலாம், பால் தேத்தண்ணி நிறமாக இருந்தால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். ஒயில் ஊற்றும் மூடியின் உள்ளே மட்டும் கொஞ்சம் வெள்ளை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், குளிரில் சின்னச் சின்னத் தூரம் ஓடும் கார்களில் அது வரும்.

எட்டு லட்சம் என்றதும் கை பரபரக்கும், தெரியும். நான் எடுக்கமாட்டேன். வயர் மூட்டுகளில் பச்சை பூத்து ஆறு மாதம் கழித்துத்தான் ஆட்டம் காட்டும். அன்றைக்கு உங்களிடமிருந்து யார் வாங்குவார்கள்?

கேள்வி: ஹட்டனில் கார் விற்கும் கடை (கார் சேல்) ஒன்றில் கார் வாங்கினேன். "ஒரு வருட வொரன்டி" என்று வாயால் சொன்னார்கள். ஏழாவது வாரம் கியர் பொக்ஸ் போய்விட்டது. இப்போது "வொரன்டி என்ஜினுக்கு மட்டும்" என்கிறார்கள்.

பதில்: வாயால் சொன்ன வொரன்டி காற்றோடு போகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் கை கழுவ வேண்டாம், நாளும் கடத்த வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஏழு வாரம் போய்விட்டது, எண்ணிக்கொள்ளுங்கள். அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் அழைத்ததோடு நிறுத்திவிடாதீர்கள், எழுத்து முக்கியம். தமிழிலேயே எழுதுங்கள், தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. ரசீது, விளம்பரத்தின் படம், அவர்கள் அனுப்பிய மெசேஜ், கராஜ் அறிக்கை எல்லாவற்றின் பிரதியையும் சேருங்கள். ரசீதே தரவில்லை என்றால் இப்போது போய்க் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த பழைய டயர், "பூ அப்படியே இருக்கு" என்று பாதி விலைக்குத் தருகிறார்கள். – தலவாக்கலை

பதில்: பூவை (ரோட்டில் படும் வரிப்பள்ளங்களை) பார்க்காதீர்கள், பிறந்த திகதியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டொட் என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் கிழடாகி இறுகும், இறுகிய ரப்பர் நம் மழை ரோட்டில் சவர்க்காரம். சில டயரில் இந்த நாலு இலக்கம் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். கடைக்காரர் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிக் காட்டினால், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏற்றத்தில் தண்ணீர் கொதித்துப் பொங்குகிறது. பீலித் தண்ணீர் (குழாயில் விழும் ஊற்றுத் தண்ணீர்) ஊற்றினால் போதாதா? – கொட்டகலை

பதில்: இதோ என் கதை. கொழும்பிலிருந்து பழைய மாருதியை வாங்கி வந்த முதல் நாள், கினிகத்தேனை ஏற்றத்தில் பொனட்டுக்குள்ளிருந்து ஆவி. அவசரப்பட்டு, துவாயைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். துவாய் மரத்தில் தொங்கியது, என் முழங்கை இரண்டு வாரம் கட்டுப்போட்டது.

உயரம் ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். நுவரெலியாவில் சட்டியில் வைத்த தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் கொதிக்காமல் இருப்பது மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தால்தான். அந்த மூடியின் ரப்பர் செத்தால் எத்தனை வாளி ஊற்றினாலும் பொங்கும். என் காரில் கெட்டிருந்தது அந்த மூடி மட்டும்தான், மலிவான சாமான். முதலில் அதை மாற்றுங்கள், பிறகு விசிறி, பிறகு தேமோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு). பீலித் தண்ணீர் வீடு வந்து சேரும் வரைக்கும் சரி, அதற்குப் பிறகு வடித்துவிட்டுக் கூலன்ட் போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே துரு பிடிக்கும். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எலி வயரைத் தின்றுவிட்டது. இன்ஷூரன்ஸ் தருமா? – அக்கரப்பத்தனை

பதில்: உங்கள் பொலிசியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. விலக்குகள் என்ற பக்கத்தைப் படியுங்கள். எலி எப்படி வந்தது என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும்: சூடான என்ஜின், பக்கத்தில் அரிசி மூட்டை, குளிர் இரவு. மூட்டையை நகர்த்துங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தபால்காரன் நான். பனிமூட்டத்தில் பாதை தெரியவில்லை என்று கடையில் வெள்ளை எல்ஈடி பல்ப் போட்டார்கள், 12,000 ரூபாய். இப்போது முன்பைவிட மோசமாக இருக்கிறது. – நானுஓயா

பதில்: ஐயா, சுவரில் டோர்ச் அடித்தால் கண் கூசுமே, அதுதான் நடக்கிறது. மூடுபனியில் வெளிச்சம் கூடினால் திரும்பி நம் கண்ணுக்குத்தான் வரும். பழைய பல்புக்குச் செய்த கிண்ணத்தில் எல்ஈடியை மாட்டினால் வெளிச்சம் கண்டபடி சிதறும், எதிரே வருபவருக்கும் கண் தெரியாது. டிம்மில் மெதுவாகப் போங்கள், ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். ஓடும்போது நாலு சிக்னலையும் மினுக்க வேண்டாம், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. கழற்றிய பழைய பல்பைக் கடைக்காரர் திருப்பித் தந்தாரா? தந்திருந்தால் அதையே மாட்டிக்கொள்ளுங்கள்.